ஒளியின் கணக்கைக் கண்டவர்

மழைக்காலத்து இரவில் வானைக் கிழித்து இறங்கும் மின்னலின் வெப்பம் எவ்வளவு இருக்கும்? அதனருகே வெப்பமானியைக் கொண்டு செல்லவும் முடியாது. அது நிற்கும் வரை காத்திருந்து அளக்கவும் முடியாது. கண்ணிமைக்கும் நேரத்திற்குள் அது தோன்றி மறைந்துவிடுகிறது. ஆயினும் மின்னலின் வெப்பநிலை ஏறத்தாழ 30,000 கெல்வின் என்று அறிவியலார் அளந்து கூறியுள்ளனர். அவர்கள் மின்னலைத் தொடவில்லை. மின்னல் அனுப்பிய ஒளியைப் பிரித்துப் படித்தனர். அவ்வாறு படிப்பதற்கு அடிப்படையான சமன்பாடு ஒன்றை, 1920-ஆம் ஆண்டில், கொல்கத்தாவில் விரிவுரையாளராக இருந்த இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் கண்டறிந்தார். அவரே மேகநாத் சாகா.

மேகநாதன் என்னும் பெயர் நமக்குப் புதிதன்று. இராமாயணத்தில் இராவணனின் மகனாகிய இந்திரசித்துக்கு அது மற்றொரு பெயர். மேகத்தின் முழக்கம் என்பது அதன் பொருள். இடியும் மழையும் மிகுந்த நாளில் பிறந்தமையால் குழந்தைக்கு மேகத்தோடு தொடர்புடைய பெயர் இடப்பட்டது என்பர். மின்னலின் இயல்பை விளக்கப் பயன்படும் சமன்பாட்டைத் தந்தவருக்கு அப்பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

சாகா 1893-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள், டாக்கா நகருக்கு அருகிலுள்ள சியோரதாலி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தில் உள்ளது. தந்தை ஜகந்நாத் சாகா சிறிய மளிகைக்கடை ஒன்றை நடத்தி வந்தார். தாயார் புவனேசுவரி தேவி. எட்டுக் குழந்தைகளுள் ஐந்தாமவர் சாகா. கடை வருவாய் வயிற்றுக்கே போதாத நிலையில், மகன் தொடக்கக் கல்வி முடித்ததும் கடையில் அமர்ந்து எடை போட வேண்டும் என்பதே தந்தையின் எண்ணமாக இருந்தது. அதில் அவரைக் குறை கூற இடமில்லை. கல்வியால் வருவாய் வரும் என்பதற்கு அவர் கண்முன் சான்று எதுவும் இல்லை.

ஆனால் அண்ணன் ஜெயநாத் வேறு விதமாக எண்ணினார். ஊரிலிருந்து பத்துக் கிலோமீட்டர் தொலைவில், சிமுலியா என்னும் இடத்தில் நடுநிலைப்பள்ளி இருந்தது. அங்கே வாழ்ந்த அனந்தகுமார் தாஸ் என்னும் மருத்துவரை அணுகி, தம்பிக்கு அவர் இல்லத்தில் இடம் பெற்றுத் தந்தார். உணவும் உறைவிடமும் இலவசம். அதற்கு ஈடாகச் சிறுவர் சாகா அவ்வீட்டுப் பசுவைப் பராமரிக்க வேண்டும். தாம் உண்ட தட்டைத் தாமே கழுவிக்கொள்ள வேண்டும். பசுவைப் பேணிக்கொண்டே படித்த அச்சிறுவர் நடுநிலைத் தேர்வில் டாக்கா மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார். மாதம் 4 ரூபாய் உதவித்தொகையும் கிடைத்தது.

1905-இல் டாக்காவிலுள்ள அரசுப் பள்ளியில் சேர்ந்தார். சணல் நிறுவனம் ஒன்றில் மாதம் 20 ரூபாய் ஊதியம் பெற்ற அண்ணன், அதிலிருந்து 5 ரூபாயைத் தம்பிக்கு அனுப்பினார். நான்கில் ஒரு பங்கு! சாகாவின் வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம், வரலாற்றில் பெரிதாகப் பேசப்படாத அந்த அண்ணனை நினையாமல் இருக்க முடிவதில்லை. அவ்வாண்டுதான் ஆங்கில அரசு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. ஆளுநர் பள்ளிக்கு வந்தபோது மாணவர்கள் அவ்வருகையைப் புறக்கணித்தனர். அவர்களுள் சாகாவும் ஒருவர். விளைவாகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார், உதவித்தொகையும் பறிபோனது. பன்னிரண்டு வயதுச் சிறுவருக்கு அது சிறிய இழப்பன்று. நல்வாய்ப்பாக, கிஷோரிலால் ஜூபிலி பள்ளி அவரைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொண்டது. 1909-இல் நடந்த நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்காள மாணவர்களுள் அவரே முதலிடம் பெற்றார்.

டாக்கா கல்லூரியில் படித்த காலத்தில் ஜெர்மன் மொழியைக் கூடுதல் பாடமாக எடுத்துக்கொண்டார். அது பின்னாளில் எவ்வளவு பயன்படப் போகிறது என்பதை அப்போது அவர் அறிந்திருக்க முடியாது.

1911-இல் கொல்கத்தாவின் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஜகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கே ஆசிரியர்கள். சத்தியேந்திரநாத் போஸ் வகுப்புத் தோழர். இளங்கலைத் தேர்விலும் முதுகலைத் தேர்விலும் போஸ் முதலிடம், சாகா இரண்டாமிடம். படிப்பில் இவ்வளவு உயர்ந்திருந்தும், விடுதியில் அவருக்கு மதிப்புக் கிட்டவில்லை. சாதியின் பெயரால் சில மாணவர்கள் அவருடன் ஒரே கூடத்தில் அமர்ந்து உண்ண மறுத்தனர். கலைமகள் பூசையிலும் அவர் விலக்கி வைக்கப்பட்டார். கல்விக்குரிய தெய்வத்தின் விழாவிலேயே கல்வியில் சிறந்த ஒருவருக்கு இடமில்லாமற் போனது! அந்தக் காயம் அவர் உள்ளத்தில் நெடுநாள் இருந்தது. பிற்காலத்தில் மூடவழக்கங்களை அவர் அத்துணைக் கடுமையாகச் சாடியதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

1916-இல் கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் புதிய அறிவியல் கல்லூரியில் சாகாவும் போசும் விரிவுரையாளர் ஆயினர். அங்கே ஆய்வுக்கூடம் என்று சொல்லத்தக்க வசதி எதுவும் இல்லை. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தமையால் வெளிநாட்டு இதழ்களும் சரிவர வந்து சேரவில்லை. 1917-இல் ஒளியின் அழுத்தம் அணுக்களை எவ்வாறு தள்ளுகிறது என்பது பற்றிச் சாகா நீண்ட கட்டுரை ஒன்றை எழுதி, அமெரிக்க வானியல் இதழ் ஒன்றுக்கு அனுப்பினார். அச்சிடும் செலவில் ஒரு பகுதியை அவரே ஏற்க வேண்டும் என்று பதில் வந்தது. அவரிடம் பணம் இல்லை. கட்டுரை அவ்விதழில் வெளிவரவில்லை. பின்னர் அதே கருத்தை வேறு நாட்டறிஞர்கள் வளர்த்துப் பெயர் பெற்றனர்.

இனி, சாகாவை உலகறியச் செய்த கணக்கிற்கு வருவோம். அதற்கு முன் நம் வீட்டு அடுக்களைக்குச் சற்றுச் செல்வோம். உப்பிட்ட நீர் பொங்கி எரிவாயு அடுப்பில் வழியும்போது, நீலச் சுடர் திடீரென மஞ்சளாவதைக் கண்டிருப்பீர்கள். உப்பிலுள்ள சோடியம் அணுக்கள் சூடேறி அம்மஞ்சள் ஒளியைத் தருகின்றன. இவ்வாறே ஒவ்வொரு தனிமத்திற்கும் தனக்கே உரிய நிறங்கள் உண்டு. ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தினால் அந்நிறங்கள் தனித்தனிக் கோடுகளாகத் தோன்றும். இதனை நிறமாலை என்கிறோம். நிறமாலைக் கோடுகள், அணுக்கள் இட்ட கையொப்பங்கள் எனலாம்.

ஓர் அணுவை மிகுதியாகச் சூடாக்கினால் அதிலிருந்து ஓர் எலக்ட்ரான் பிரிந்து போகும். எஞ்சியிருப்பது அயனி. எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்து திரியும் வாயுவை இன்று பிளாஸ்மா என்கிறோம். எலக்ட்ரானை இழந்ததும் அணுவின் கையொப்பமும் மாறிவிடுகிறது. கால்சியம் அணு நீல ஊதாப் பகுதியில் 422.7 நானோமீட்டரில் ஒரு கோட்டை இடும். ஓர் எலக்ட்ரானை இழந்த கால்சியமோ 393.4, 396.8 நானோமீட்டர்களில் இரண்டு ஊதாக் கோடுகளை இடும்.

இங்கேதான் புதிர் எழுந்தது. முழுச் சூரிய கிரகணத்தின்போது எடுத்த படங்களில், அயனியான கால்சியத்தின் கோடுகள் சூரியனின் விளிம்புக்கு மேல் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் உயரம் வரை காணப்பட்டன. சாதாரணக் கால்சியத்தின் கோடோ அதைவிட மிகத் தாழ்ந்த உயரத்திலேயே மங்கி மறைந்தது. சூரியனின் வெளிப்புற நிறமண்டலம் அடிப்பகுதியைவிட வெப்பம் குறைந்தது என்றே அக்காலத்தில் கருதினர். அப்படியானால், வெப்பம் மிகுந்த கீழ்ப்பகுதியைவிட மேற்பகுதியில் அணுக்கள் எளிதாக உடைவது எப்படி? வெப்பத்தை மட்டும் கொண்டு இதற்கு விடை காண இயலவில்லை.

இப்புதிரைப் பற்றி வானியல் நூல்களில் படித்திருந்த சாகாவுக்கு 1919-இல் ஒரு ஜெர்மன் ஆய்வுக்கட்டுரை கிடைத்தது. எழுதியவர் எக்கெர்ட். விண்மீன்களின் உட்பகுதியில் அணுக்கள் உடைவதை வேதியியல் முறையில் கணக்கிடலாம் என்று அவர் காட்டியிருந்தார். ஆனால் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவையான ஆற்றலை அவர் ஊகமாகவே எடுத்துக்கொண்டிருந்தார். அவ்வாற்றல் ஒவ்வொரு தனிமத்திற்கும் ஆய்வுக்கூடங்களில் அளக்கப்பட்டு வருவதைச் சாகா அறிந்திருந்தார். அளந்த எண்ணையே சமன்பாட்டில் இட்டால் என்ன என்று எண்ணினார். கேட்பதற்கு எளிய எண்ணந்தான். ஆனால் அதுவரை எவரும் அதைச் செய்திருக்கவில்லை.

சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுட்டால் அது சுண்ணாம்பாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. வாயு வெளியேற வழியிருந்தால் பிரிதல் தொடரும். வாயுவை அடைத்து அழுத்தினால் அது மீண்டும் சுண்ணாம்போடு சேர்ந்துகொள்ளும். அணுவும் அவ்வாறே என்றார் சாகா. கால்சியம் அணு, அயனியும் எலக்ட்ரானுமாகப் பிரிகிறது. வாயு நெருக்கமாக இருந்தால், பிரிந்த எலக்ட்ரான் உடனே ஏதேனும் ஓர் அயனியைச் சந்தித்து அதனோடு இணைந்துவிடும். வாயு ஐதாக இருந்தால், அது துணை காணாமல் நெடுந்தொலைவு திரியும். ஆகவே அயனிகளின் அளவை வெப்பநிலை மட்டும் முடிவு செய்வதில்லை. அழுத்தமும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

அவர் கணக்கிட்ட எண்களைப் பாருங்கள். வெப்பநிலை 6,000 கெல்வின் என்று கொள்வோம். நாம் வாழும் இவ்வளிமண்டலத்தின் அழுத்தத்தில், 100 கால்சியம் அணுக்களுள் 8 மட்டுமே அயனியாகும். அழுத்தம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் 93 அயனியாகும். பத்தாயிரத்தில் ஒரு பங்கானால் 99. வெப்பநிலையில் மாற்றமே இல்லை! சூரியனின் மேலடுக்கில் வாயு மிக ஐதாக இருப்பதால் அங்கே கால்சியம் முழுவதும் அயனியாகிவிடுகிறது. புதிர் அவிழ்ந்தது. இவ்வாய்வு 1920 அக்டோபரில் இலண்டனிலிருந்து வெளிவரும் தத்துவ இதழில் அச்சானது.

இங்கே தமிழ்நாட்டுச் செய்தி ஒன்றையும் சொல்லலாம். கோடைக்கானல் மலையிலுள்ள சூரிய ஆய்வகத்தில், அயனியான கால்சியத்தின் 393.4 நானோமீட்டர் ஒளியில் சூரியனை நாள்தோறும் படமெடுக்கும் பணி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நடந்து வந்தது. அப்படங்களில் ஒளிரும் பொருள் எந்நிலையில் உள்ளது என்பதற்குச் சாகாவின் சமன்பாடு விளக்கம் தந்தது.

சாகா 1920-இல் இலண்டனுக்குச் சென்று ஆல்பிரட் பவுலரின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். நிறமாலைகளைக் கண்ணால் கண்டு ஆராயும் வாய்ப்பு அவருக்கு அங்கேதான் வாய்த்தது. நீல விண்மீன்களில் ஹீலியத்தின் கோடுகளும், சிவப்பு விண்மீன்களில் உலோகங்களின் கோடுகளும் காணப்படுவதால், அவை வெவ்வேறு பொருள்களால் ஆனவை என்று எண்ணத் தோன்றியது. அவ்வேறுபாட்டிற்குப் பெரும்பாலும் வெப்பநிலையே காரணம் என்று சாகா காட்டினார். ஒரு கோடு தென்படவில்லை என்பதால் அத்தனிமமே அங்கு இல்லை என்று முடிவு கட்டலாகாது. சூரியனில் ரூபிடியத்தின் கோடு காணப்படாதது ஏன்? அவ்வணு எளிதில் எலக்ட்ரானை இழப்பது. சூரிய வெப்பத்தில் அது பெரும்பாலும் அயனியாகிவிட்டது. வெப்பம் குறைந்த சூரியக் கரும்புள்ளிகளில் தேடினால் அது கிடைக்கும் என்று சாகா முன்னுரைத்தார். அமெரிக்க வானியலார் ரசல் அவ்வாறே தேடினார். கரும்புள்ளியின் நிறமாலையில் ரூபிடியம் அகப்பட்டது.

1925-இல் சிசிலியா பெய்ன் என்னும் இளம் பெண் அறிஞர், சாகாவின் சமன்பாட்டைக் கொண்டு ஆர்வார்டில் சேர்ந்திருந்த விண்மீன் நிறமாலைகளை ஆராய்ந்தார். விண்மீன்களில் மிகுதியாக உள்ளவை ஹைட்ரஜனும் ஹீலியமுமே என்று அவர் கண்டறிந்தார். முதலில் அதை நம்பியோர் சிலரே. பின்னர் உலகம் ஏற்றது.

விண்மீனுக்காகப் பிறந்த இக்கணக்கு இன்று மண்ணிலும் பயன்படுகிறது. தெருவோரப் பட்டறையில் பற்றவைப்பவர் முகக்கவசம் அணிந்து வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். இரும்புத் துண்டுகளுக்கிடையே எழும் அக்கண்கூசும் ஒளி, நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்திலேயே உருவாகும் பிளாஸ்மா. (அதை வெறுங்கண்ணால் ஒருபோதும் பார்க்காதீர்கள்.) அதற்குள் கருவி எதையும் நுழைத்தால் உருகிவிடும், உருகாவிடினும் பிளாஸ்மாவின் இயல்பைக் கெடுத்துவிடும். ஆகவே ஆய்வாளர் தள்ளி நின்று அதன் ஒளியைப் பெறுகின்றனர். ஒரே தனிமத்தின் இரண்டு கோடுகளுள் எது எத்தனை மடங்கு பொலிவானது என்று ஒப்பிட்டால் வெப்பநிலை தெரியும். ஹைட்ரஜன் கோடு எவ்வளவு அகன்றுள்ளது என்று அளந்தால், சுற்றிலும் எத்தனை எலக்ட்ரான்கள் நெருங்கியுள்ளன என்பது தெரியும். எலக்ட்ரான்கள் கூடக்கூட அவற்றின் மின்புலம் அணுவை அலைக்கழிப்பதால் கோடு அகலமாகிறது. மின்னலின் வெப்பத்தையும் இத்தகைய வழிகளால்தான் கணித்தனர்.

ஆயினும் எல்லாப் பிளாஸ்மாவுக்கும் சாகாவின் சமன்பாடு பொருந்துவதில்லை. அணுக்களும் எலக்ட்ரான்களும் ஒரே வெப்பநிலையில் சமநிலை கொண்டிருக்கும்போதே அது செல்லும். ஹீலியத்தைக் கொண்டு உண்டாக்கும் குளிர்ந்த பிளாஸ்மாத் தாரை ஒன்று உண்டு. அதில் வாயு ஏறக்குறைய அறை வெப்பநிலையில் இருக்கும். எலக்ட்ரான்களின் வெப்பநிலையோ 10,000 கெல்வினையும் தாண்டும். அத்தகைய இடத்தில், எலக்ட்ரான்கள் அணுக்களை உரசிச் செல்லும்போது எழும் தொடர் ஒளியை அளப்பது போன்ற வேறு வழிகளை நாட வேண்டும். புண்களை ஆற்றுவதற்கும் கிருமிகளை ஒழிப்பதற்கும் இவ்வகைப் பிளாஸ்மாவைப் பயன்படுத்த முயல்வதால், இவ்வாய்வு இன்றும் விறுவிறுப்பாக நடந்து வருகிறது.

சாகா 1923-இல் அலகாபாத் பல்கலைக்கழகத்திற்குச் சென்று பதினைந்து ஆண்டுகள் அங்கே ஆசிரியராக இருந்தார். 1927-இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதன் பின்னரே மாகாண அரசு அவருடைய ஆய்வுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வழங்கியது. நோபல் பரிசுக்கு அவர் பெயர் பலமுறை முன்மொழியப்பட்டது, கிடைக்கவில்லை. 1938-இல் கொல்கத்தாவுக்குத் திரும்பினார். அணுக்கரு ஆய்வுக்கென அவர் அங்கு அமைத்த நிறுவனம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆய்வுக்கூடத்தோடு அவர் நின்றுவிடவில்லை. இளமையில் வெள்ளக் கொடுமையை நேரில் கண்டவர். 1913-இல் தாமோதர் ஆறு பெருக்கெடுத்தபோது மாணவராக நிவாரணப் பணிக்குச் சென்றவர். எனவே ஆறுகளைக் கட்டுப்படுத்துவது பற்றித் தொடர்ந்து எழுதினார். தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் உருவானதில் அவருக்கும் பங்குண்டு. 1952-இல் கொல்கத்தாவில் நின்று மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

உங்கள் வகுப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். தமிழ் மாணவர் சித்திரை முதல் நாளைப் புத்தாண்டாகக் கொண்டாடுவார். மராட்டியரும் தெலுங்கரும் சில நாள்கள் முன்னரே கொண்டாடியிருப்பர். குஜராத்தியருக்குத் தீபாவளிக்கு மறுநாள் புத்தாண்டு. இந்தியாவில் இவ்வாறு முப்பது வகைக்கும் குறையாத நாள்காட்டிகள் வழங்கி வந்தன. அவற்றை ஆராய்ந்து நாடு முழுமைக்கும் ஒரு நாள்காட்டியை வகுக்க 1952-இல் குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் சாகா. கதிரவனின் இயக்கத்தை அடிப்படையாகக் கொண்டு, மார்ச்சு 22-ஆம் நாளில், நெட்டாண்டாயின் 21-இல், சைத்திரம் முதல் நாள் தொடங்கும் வகையில் குழு அதனை அமைத்தது.

1956 பிப்ரவரி 16-ஆம் நாள், தில்லியில் திட்டக்குழு அலுவலகத்தை நோக்கிச் செல்லும் வழியில் சாகா மாரடைப்பால் விழுந்து உயிர் நீத்தார். வயது 62. அவர் தலைமையில் வகுத்த தேசிய நாள்காட்டி 1957 மார்ச்சு 22 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்று சக ஆண்டு 1879, சைத்திரம் 1.

சிந்தித்து எழுதுக

1. சாகாவின் கல்விக்கு அண்ணன் ஜெயநாத் எவ்வெவ்வாறு துணை நின்றார்?
2. வெப்பநிலை மாறாமல் இருந்தும், அழுத்தம் குறையும்போது அயனிகள் பெருகுவது ஏன்? சுண்ணாம்புக் காளவாயை எடுத்துக்காட்டாகக் கொண்டு உம் சொந்த நடையில் விளக்குக.
3. ரூபிடியத்தைச் சூரியக் கரும்புள்ளிகளில் தேடுமாறு சாகா கூறியதன் காரணம் யாது?
4. உம் வகுப்பு நண்பர்கள் கொண்டாடும் புத்தாண்டு நாள்களைக் கேட்டறிந்து, அவற்றின் பெயர்களைத் தமிழில் எழுதுக.